இரத்தத்தில் தேடியதும் நித்திரையில் கிடைத்ததும்

மனநல கிளினிக்கில் நான் முதலில் கேட்டது மருந்தை அல்ல, ஒரு பரிசோதனை அறிக்கையை. உயர்தர வகுப்புகளுக்கு உயிரியல் படிப்பிக்கிறவன் என்பதால், உடம்பில் நடக்கும் எதற்கும் ஓர் அளவீடு இருக்கும் என்ற எதிர்பார்ப்பு எனக்குள் ஊறியிருந்தது. சீனி வருத்தத்துக்குக் குருதிக் குளுக்கோசு, சிறுநீரகத்துக்குக் கிரியற்றினின், நெஞ்சுக்கு ஈ.சீ.ஜீ. என்று இருக்கும்போது, சில நாட்கள் தலைகால் தெரியாமல் ஓட வைத்துவிட்டுச் சில வாரங்கள் பாயோடு கிடக்க வைக்கிற, பைபோலார் (இருமுனை மனநிலைக் கோளாறு) சாயலுள்ள இந்த ஏற்ற இறக்கத்துக்கும் ஓர் எண் இருக்கத்தானே வேண்டும். அந்த எண் கையில் கிடைத்தால் வீட்டிலும் பாடசாலையிலும் காட்டலாம். கிளிநொச்சிப் பக்கத்தில் அப்படி ஒரு தாளுக்கு இருக்கும் பெறுமதி பெரிது. ஒருவருக்குத் தைரொயிட் என்றால் அயலவர்கள் சுகம் விசாரிக்க வருவார்கள். மனவருத்தம் என்றால் மனநல வைத்தியசாலை இருக்கும் அங்கொடையின் பெயரைச் சொல்லிப் பகிடி பண்ணுவார்கள், அல்லது நூல் கட்டுவிக்க நல்ல இடம் ஒன்று இருப்பதாகக் காதோடு சொல்லித் தருவார்கள்.

வைத்தியர் நான் சொன்னதை முழுவதும் கேட்டுவிட்டுச் சொன்னார்: “சேர், இந்த வருத்தத்துக்கு இரத்தத்தில ரிப்போட் வராது. நான் எழுதித் தாற ரெஸ்ற் எல்லாம் வேற வருத்தம் இல்லையெண்டு பாக்கிறதுக்குத்தான். முதல்ல உங்கட நித்திரையைப் பற்றிச் சொல்லுங்கோ.” அன்றைக்கு அது எனக்கு ஏமாற்றமாகவே இருந்தது. அதன் பின்னர் வாசித்தும், கேட்டும், என் உடம்பில் கவனித்தும் அறிந்துகொண்டவற்றை, இதே தேடலில் இருக்கும் மற்றவர்களுக்குப் பயன்படும் என்று எழுதுகிறேன்.

எனக்கு இருப்பது பலரும் கேள்விப்பட்டிருக்கும் பெரிய பைபோலார் அல்ல. நான் யாரையும் அடித்ததில்லை, என்னை ஓர் அவதாரம் என்று நம்பியதில்லை, வைத்தியசாலை வாட்டில் தங்கியதில்லை. மேலே போகும் நாட்களில் நான்கு மணித்தியால நித்திரையோடு எழும்பி, விடியுமுன்னே வேலியடைத்து, இரண்டு பாடவேளைக்குரிய பாடத்தை ஒன்றிலேயே முடித்து, பின்னேரம் ஒரு கோழிப்பண்ணைத் திட்டத்தோடு வங்கி வாசலில் நிற்பேன். கதை ஓயாது. யாராவது குறுக்கிட்டால் சுள்ளென்று கோபம் வரும். இரண்டு மூன்று நாட்களில் அது தானாகவே தணிந்துவிடும். கீழே போகும் காலம் அதைவிட நீளமானது. திருத்த வேண்டிய விடைத்தாள்கள் கட்டவிழ்க்கப்படாமல் மேசையில் கிடக்கும். கிணற்றடிக்குப் போய் நாலு வாளி தண்ணீர் ஊற்றிக்கொள்வதற்கே மனத்தோடு நெடுநேரம் போராட வேண்டியிருக்கும்.

அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் 2013ஆம் ஆண்டு வகைப்பாட்டின்படி, ஹைப்போமேனியா எனப்படும் மிதமான எழுச்சி நிலை என்று சொல்வதற்கு, மனநிலையும் உடலின் உற்சாகமும் வழமைக்கு மாறாக உயர்ந்த நிலை தொடர்ச்சியாகக் குறைந்தது நான்கு நாட்கள் நீடிக்க வேண்டும். நித்திரைத் தேவை குறைதல், அதிகம் பேசுதல், எண்ணங்கள் ஓடுதல், பணத்தைக் கண்டபடி செலவழித்தல் போன்றவற்றில் குறைந்தது மூன்று, எரிச்சல் மட்டுமே மேலோங்கியிருந்தால் குறைந்தது நான்கு, கூடவே இருக்க வேண்டும். கடும் எழுச்சியான முழுமையான மேனியாவுக்கு ஒரு வாரம். என்னுடைய எழுச்சி அந்த நான்கு நாள் கோட்டைத் தொடாமல் திரும்பிவிடுவதால், நான் வரம்புக்குக் கீழே நிற்பவர்களில் ஒருவன். இப்படிப்பட்டவர்கள் சிலர் அல்லர். பதினொரு நாடுகளில் அறுபதாயிரத்துக்கும் மேற்பட்ட பெரியவர்களிடம் நடத்தப்பட்டு 2011இல் வெளியான ஆய்வில், வாழ்நாளில் இந்த நிலையைக் கண்டவர்கள் 1.4 வீதம், முழு மேனியா வரும் முதலாம் வகை பைபோலார் 0.6 வீதம், ஹைப்போமேனியாவும் பெரும் சோர்வும் வரும் இரண்டாம் வகை 0.4 வீதம். அதாவது, கோட்டுக்கு மேலே நிற்கும் இரண்டு வகையையும் சேர்த்தாலும் கீழே நிற்பவர்களே அதிகம். அந்தப் பதினொன்றில் இந்தியா இருந்தது, இலங்கை இருக்கவில்லை.

வன்னியில் இந்த நிலை கண்ணில் படாமல் போவதற்குத் தனியான காரணம் ஒன்று உண்டு. யுத்தம் முடிந்த 2009க்குப் பிறகு மெனிக் பாம் இடம்பெயர்ந்தோர் முகாமிலிருந்து காணிக்குத் திரும்பியவர்கள் எல்லோருமே நித்திரையின்றி வேலை செய்தவர்கள். பற்றை வெட்டி, கிணறு இறைத்து, தறப்பாளின் கீழ் பிள்ளைகளைக் கிடத்திவிட்டு மண் குழைத்த அந்தக் காலத்தில் என்னைப் போன்ற ஒருவனின் எழுச்சி ஒரு நற்குணமாகவே தெரிந்தது. “மாஸ்ரர் ஒரு ஆளில்லை, நாலு ஆள்” என்று ஊரில் சொன்னார்கள். கீழே விழுந்தபோதும் விளக்கம் தயாராக இருந்தது: இழப்பு. இங்கே ஒருவர் சோர்ந்துபோய் இருந்தால் யாரைப் பறிகொடுத்தார் என்றுதான் முதலில் நினைப்போம். அந்த நினைப்பில் தவறில்லை. யாழ்ப்பாணத்தில் நெடுங்காலம் பணியாற்றிய மனநல மருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம் வன்னி மக்களின் கூட்டு மனவடுவைப் பற்றி எழுதியிருப்பவற்றை வாசிக்கும்போது, எங்கள் ஒழுங்கையில் இருக்கும் வீடுகளைத்தான் எழுதியிருக்கிறாரோ என்று தோன்றும். ஆனால் எல்லாவற்றையும் யுத்தத்தின் கணக்கில் எழுதிவிடும் பழக்கம், யுத்தம் இல்லாவிட்டாலும் வந்திருக்கக்கூடிய ஒரு வருத்தத்தை மறைத்துவிடுகிறது என்பது என் அபிப்பிராயம்.

இரண்டையும் பிரித்தறிய எனக்கு உதவியது ஒரு கேள்வி. யுத்தத்தின் நினைவால் நித்திரை கெடுபவர் நித்திரைக்காக ஏங்குகிறார். கண்ணை மூடினால் கனவு எழுப்பிவிடுகிறது. காலையில் அடித்துப் போட்டவராக எழும்புகிறார். எழுச்சி நிலையில் இருப்பவருக்கோ நித்திரை குறைகிறது, களைப்பு வருவதில்லை. வைத்தியர் என்னிடம் கேட்டதும் அதுதான்: “நித்திரை வரேல்லையோ, இல்லாட்டி தேவைப்படேல்லையோ?” எனக்கு இரண்டு விதமான இரவுகளும் பழக்கம். செல் (எறிகணை) விழும் கனவோடு விழித்த இரவுகளும் உண்டு, மூன்று மணிக்கு எழும்பி உற்சாகத்தோடு பாடக்குறிப்பு எழுதிய இரவுகளும் உண்டு. அவை இரண்டும் வெவ்வேறு என்பது எனக்கு அந்தக் கேள்விக்குப் பிறகுதான் புலப்பட்டது.

அதற்கு முன்னர் வேறோர் இடத்தில் மனச்சோர்வுக்கான மாத்திரை தரப்பட்டிருந்தது. சோர்ந்திருக்கும்போதுதான் மனிதர் வைத்தியரிடம் போவார். உற்சாகமாக இருக்கும்போது எவர் போவார்? மேலே போகும் நாட்களைப் பற்றி அங்கே யாரும் கேட்கவில்லை, அதை ஒரு வருத்தமாக நானும் எண்ணியிருக்கவில்லை. மாத்திரை தொடங்கிச் சில வாரங்களில் சோர்வு போய், அதற்குப் பதிலாக ஓர் எரிச்சலும் படபடப்பும் நித்திரையின்மையும் வந்தன. பைபோலார் சாயல் உள்ள சிலருக்கு மனச்சோர்வு மாத்திரை தனியாகக் கொடுக்கப்படும்போது இப்படி நடப்பது மருத்துவத்தில் நன்கு அறியப்பட்டது. அமெரிக்காவில் நடந்து 2010இல் வெளியான ஓர் ஆய்வில், பெரும் மனச்சோர்வு கண்டவர்களில் ஏறத்தாழ 40 வீதமானோருக்கு வரம்புக்குக் கீழான எழுச்சி அறிகுறிகளும் வாழ்நாளில் இருந்திருக்கின்றன. ஆகவே சோர்வுக்கு மருந்து கேட்டுப் போகிறவர்கள், கேட்கப்படாவிட்டாலும், தங்கள் உற்சாகமான நாட்களைப் பற்றியும் சொல்லிவிடுவது நல்லது. எனக்குப் பிறகு தரப்பட்ட மருந்தின் பெயரை வேண்டுமென்றே எழுதாமல் விடுகிறேன். ஒருவருக்கு எழுதிய மாத்திரையை அயலவர் வாங்கிப் போட்டுப் பார்ப்பது எங்கள் ஊர்களில் புதிதல்ல.

எழுதித் தரப்பட்ட பரிசோதனைகளைச் செய்தேன். அவற்றின் வேலை என்னவென்று விளங்கிக்கொண்டபோது ஏமாற்றம் குறைந்தது. தைரொயிட் சுரப்பி அதிகமாக இயங்கினால் நித்திரை குறையும், படபடக்கும், பேச்சு கூடும். குறைவாக இயங்கினால் சோர்வும் மந்தமும் வரும். அதனால் தைரொயிட்டின் இயக்கத்தைக் காட்டும் ரீ.எஸ்.எச். பரிசோதனை முதலாவது. இரத்தச்சோகை, பி12 விற்றமின் குறைவு ஆகியவை சோர்வின் முகமூடியோடு வரக்கூடும். தொய்வுக்குப் போடும் பிரெட்னிசலோன் போன்ற ஸ்ரீரொயிட் மாத்திரைகள் எழுச்சியைக் கிளப்பக்கூடும் என்பதால், வேறு என்னென்ன மருந்து எடுக்கிறேன் என்று துருவிக் கேட்டார்கள். கஞ்சாவும் மதுவும் உண்டா என்றும் கேட்டார்கள். ஆசிரியர் என்று பார்த்து அந்தக் கேள்வியை அவர்கள் விட்டுவிடாதது எனக்குப் பிடித்திருந்தது. தலையில் எப்போதாவது அடிபட்டதா என்பதும் கேள்விகளில் ஒன்று.

நான் விடாமல் எம்.ஆர்.ஐ. ஸ்கானைப் பற்றிக் கேட்டேன். “உடம்பில செல் துண்டு ஏதும் இருக்கோ சேர்?” என்று வைத்தியர் திருப்பிக் கேட்டார். இடது தோளில், எலும்புக்குப் பக்கத்தில், எடுக்காமல் விட்ட துண்டு ஒன்று இருக்கிறது. அந்த இயந்திரம் வலிமையான காந்தம். உடம்பில் உலோகம் உள்ளவர்கள் அதை முற்கூட்டியே சொல்லாமல் அதற்குள் போவது ஆபத்து. வன்னியில் எத்தனை பேருக்கு இது பொருந்தும் என்று சொல்லத் தேவையில்லை. எப்படியும் அந்த ஸ்கான் எனக்கு விடை தந்திருக்காது. பைபோலார் உள்ள ஆயிரக்கணக்கானவர்களின் மூளைப் படங்களை உலகின் பல ஆய்வுகூடங்களிலிருந்து திரட்டி ஒப்பிட்டவர்கள், மூளைப் புறணியின் தடிப்பிலும் நினைவோடு தொடர்புடைய ஹிப்போகம்பசின் அளவிலும் சராசரியில் சிறு குறைவைக் கண்டிருக்கிறார்கள். சராசரியில்தான். பத்தாம் வகுப்பு ஆண்பிள்ளைகளின் சராசரி உயரம் பெண்பிள்ளைகளின் சராசரியைவிடக் கூடவாக இருக்கும். அதை வைத்துக்கொண்டு, உயரத்தை மட்டும் கேட்டு, வந்திருப்பது பையனா பெட்டையா என்று சொல்ல முடியுமா? உயிரியல் குறிகாட்டிகள் என்று பேசப்படும் ஏறத்தாழ எல்லாவற்றின் சிக்கலும் இதுதான். முழுமையான பைபோலாரிலேயே வேறுபாடு இவ்வளவு சிறிதென்றால், வரம்புக்குக் கீழே நிற்பவரிடம் அது இன்னும் மங்கலாகத்தான் இருக்கும்.

இந்த ஏமாற்றத்துக்கு ஒரு வரலாறும் இருக்கிறது. 1981இல், இரவில் டெக்சாமெதசோன் மாத்திரை கொடுத்து மறுநாள் குருதியில் கோர்ட்டிசோல் என்ற மன அழுத்த ஓமோன் அடங்குகிறதா என்று பார்க்கும் பரிசோதனை, கடும் மனச்சோர்வைக் கண்டுபிடிக்கும் ஆய்வுகூட முறையாகப் பெரும் நம்பிக்கையோடு முன்வைக்கப்பட்டது. உடம்பு மெலிந்தவர்களிடமும், மது குடிப்பவர்களிடமும், வேறு மனநோய் உள்ளவர்களிடமும் அதே முடிவு வரவே, பத்து வருடத்துக்குள் அந்த நம்பிக்கை அடங்கிவிட்டது. இப்போது அழற்சிக் குறிகாட்டிகளைப் பற்றி அதிகம் பேசுகிறார்கள். சீ.ஆர்.பி., இன்டர்லூக்கின்-6 ஆகியன எழுச்சியின்போது சராசரியில் உயர்கின்றன என்பது மெய். ஆனால் வயலில் இறங்கும் எங்களுக்கு எலிக்காய்ச்சல் வந்தாலும் சீ.ஆர்.பி. ஏறும், சூத்தைப் பல்லில் சீழ் கட்டினாலும் ஏறும். நரம்புக் கலங்களின் வளர்ச்சிக்கு உதவும் பீ.டீ.என்.எஃப். என்ற புரதம் எழுச்சியிலும் சோர்விலும் குறைகிறது. சாதாரண மனச்சோர்விலும் அது குறைவதால் இரண்டையும் வேறுபடுத்தித் தராது.

இவற்றுள் எனக்கு நம்பிக்கை தருவது கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2023இல் வெளியிட்டது. மனச்சோர்வு என்று முன்னர் சொல்லப்பட்டவர்களின் விரல் நுனியிலிருந்து எடுத்து உலர்த்திய இரத்தத் துளியில் அறுநூறுக்கும் மேற்பட்ட வளர்சிதைப் பொருட்களை அளந்து, அவர்களுள் உண்மையில் பைபோலார் உள்ளவர்களைப் பிரித்தெடுக்கப் பார்த்தார்கள். இரத்தம் தனியாக ஏறத்தாழ 30 வீதமானவர்களையே காட்டிக்கொடுத்தது; கேள்விக்கொத்தோடு சேர்த்தபோது பலன் கூடியது. கேள்வியும் இரத்தமும் கைகோர்க்க வேண்டியிருப்பதை நான் குறையாகப் பார்க்கவில்லை. ஆனால் அது இன்னும் கிளிநொச்சியிலோ வவுனியாவிலோ எழுதித் தரப்படும் பரிசோதனை அல்ல. எனவே, தனியார் ஆய்வுகூடத்தில் பைபோலாருக்கு இரத்தம் பார்க்கலாம் என்று யாராவது காசு கேட்டால், அந்தக் காசைக் கிளினிக் போய்வரும் பஸ்ஸுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

நித்திரைக்கு வருகிறேன். வைத்தியர் அதை முதலில் கேட்டது பேச்சைத் தொடங்குவதற்காக அல்ல. எங்கள் கலங்களுக்குள் ஏறத்தாழ 24 மணித்தியாலச் சுழற்சியில் ஓடும் கடிகாரம் இருக்கிறது. பழ ஈக்களில் அதன் பரம்பரையலகுகளைப் பிரித்து விளக்கிய மூவருக்கு 2017இல் மருத்துவத்துக்கான நோபல் பரிசு கிடைத்ததை வகுப்பில் நானே படிப்பித்திருக்கிறேன். இந்தக் கடிகாரம் எளிதில் குழம்புவது பைபோலாரின் அடியிலேயே இருக்கும் இயல்பு என்று பல ஆய்வுகள் காட்டுகின்றன. நித்திரை கெட்ட ஓர் இரவே எழுச்சியைத் தொடக்கிவிடக்கூடும் என்பது 1980களிலிருந்தே அறியப்பட்டது. இரண்டு வாரம் மணிக்கட்டில் அசைவுமானி கட்டி, நாளுக்குப் பல தடவை மனநிலையையும் பதிவுசெய்து 2019இல் வெளியான ஓர் ஆய்வில், உடலின் அசைவில் வரும் மாற்றம் மனநிலை மாற்றத்துக்கு முந்தி வருவதைக் கண்டார்கள். மனநிலை முந்திப் போய் அசைவை மாற்றியதாகத் தெரியவில்லை. மனம் மாறிய பிறகு உடம்பு மாறுகிறது என்றே நாங்கள் எண்ணுகிறோம். எனக்கும் அப்படியல்ல என்பது கொப்பி எழுதத் தொடங்கியபின் தெரிந்தது.

அசைவுமானி வாங்கப் போகவில்லை. ஒரு சீ.ஆர். கொப்பியில் கோடு போட்டு, படுத்த நேரம், எழும்பிய நேரம், எழும்பும்போது களைப்பு இருந்ததா, பகலில் வழமைக்கு மிஞ்சி என்ன செய்தேன் என்று நான்கு நிரலில் எழுதினேன். ஐந்தாவது நிரல் மனைவியுடையது. அதை நான் எழுதும் முன்னர் பார்ப்பதில்லை என்பது ஒப்பந்தம். என் நிரல்களில் “நல்ல உற்சாகம்” என்று மட்டும் இருந்த நாட்களுக்கு எதிரே அவர் எழுதியிருந்தவை: “ரொறன்ரோ மச்சானோட இராத்திரி ஒரு மணி மட்டும் கதை.” “ரெண்டாந்தரம் ரீலோட்.” “சாப்பாட்டை நிண்டுகொண்டு சாப்பிட்டவர்.” மூன்றாவது குறிப்பைப் பார்த்துச் சிரித்தேன். பிறகு பின்னோக்கிப் புரட்டினால், நின்றுகொண்டு சாப்பிடுவது ஒவ்வொரு தடவையும் எழுச்சிக்கு முந்தின நாளிலேயே வந்திருந்தது. இதை எந்த ஆய்வுகூடமும் எனக்குச் சொல்லியிருக்காது. இப்போது அவர் அதைக் கண்டால், “என்னப்பா, இருந்து சாப்பிடுங்கோ” என்பார், எனக்கு விளங்கிவிடும். கூட இருப்பவர் எழுதும் நிரல் இல்லாத கொப்பி பாதிப் பயன்தான் தரும் என்று உறுதியாகச் சொல்வேன், ஏனென்றால் எழுச்சியில் இருப்பவருக்குத் தான் மாறியிருப்பதே தெரிவதில்லை.

கொப்பி காட்டிய இன்னொன்று யானைக் காவல். காலபோக நெல் கதிர் தள்ளி முற்றும் காலத்தில், காட்டை ஒட்டிய எங்கள் வயல்களுக்கு இரவுக் காவல் இல்லாமல் முடியாது. மரத்தில் கட்டிய பரணில் ரோச் லைற்றும் யானை வெடியும் வைத்துக்கொண்டு, இடைக்கிடை தகரத்தில் தட்டிச் சத்தம் எழுப்பி, விடியும்வரை இருப்போம். ஊரில் இருக்கும் மச்சான் காவல் இருந்துவிட்டு வந்தால் மத்தியானம் வரை அடித்துப் போட்டது மாதிரிக் கிடப்பார். நானோ இரண்டாம் இரவு முடிந்து வரும்போது உடம்பு பஞ்சாகி, பாடசாலைக்குச் சைக்கிளைப் பறக்கவிட்டுப் போவேன். அதை என் பலம் என்று ஊரே சொன்னது. கொப்பியில் அந்த நாட்களுக்கு அடுத்ததாக வங்கி வாசல். அதற்கு அடுத்ததாகப் பாய். இப்போது நாங்கள் முறையை மாற்றியிருக்கிறோம். பத்து மணிவரை நான் பரணில் இருப்பேன். அதன் பிறகு மச்சானும் அவரின் மூத்த மகனும். அதற்கு ஈடாக பயிருக்கு எண்ணெய் (பூச்சிமருந்து) அடிப்பதும் வாய்க்கால் தண்ணீர் கட்டுவதும் பகலில் என் பொறுப்பு. வற்றாப்பளை அம்மன் பொங்கலுக்குப் போனால் விடிய விடிய நிற்காமல் திரும்பிவிடுகிறேன். மாமிக்கு அதில் மனக்குறைதான். அம்மன் கோபிக்கமாட்டா என்று மனைவி சமாளிப்பார்.

இரவு வெளிச்சத்தையும் குறைத்தோம். கண்ணில் படும் ஒளி, முக்கியமாக நீல ஒளி, நித்திரைக்கு உதவும் ஓமோனான மெலடோனின் சுரப்பதைத் தடுத்துக் கடிகாரத்துக்கு இன்னும் பகல் என்று அறிவிக்கிறது. நோர்வேயில் 2016இல் வெளியான ஒரு சோதனையில், மேனியாவோடு வைத்தியசாலையில் இருந்தவர்களுக்கு மருந்தோடு சேர்த்து, மாலை ஆறு மணியிலிருந்து காலை எட்டு மணிவரை நீல ஒளியை மறைக்கும் செம்மஞ்சள் கண்ணாடியை ஒரு வாரம் அணிவித்தபோது, நிறமற்ற கண்ணாடி அணிந்தவர்களைவிட மிக விரைவாகத் தணிந்தார்கள். எங்கள் வீட்டில் அந்தக் கண்ணாடி இல்லை. ஒன்பது மணிக்குப் பிறகு வெள்ளை எல்.ஈ.டி. பல்ப் அணைந்து மஞ்சள் பல்ப் எரியும். கைத்தொலைபேசி சமையலறைத் தட்டில் சார்ஜ் ஏறும். ரொறன்ரோ மச்சான் இப்போது சனிக்கிழமை பின்னேரங்களில் எடுக்கிறார், அவருக்கு அது விடிகாலை.

இரத்தத்தில் ஒரு எண் மெய்யாகவே உயிரைக் காக்கும் இடம் ஒன்று உண்டு, அது லிதியம் எடுப்பவர்களுக்கு. அவுஸ்திரேலிய வைத்தியர் ஜோன் கேட் 1949இல் அறிமுகப்படுத்திய இந்த மருந்து இன்றும் பைபோலாருக்கு முதன்மையானவற்றில் ஒன்று. நான் அதை எடுக்கவில்லை. என் நிலைக்கு அது இப்போதைக்குத் தேவையில்லை என்பது வைத்தியரின் தீர்மானம். கிளினிக் வாங்கில் எனக்குப் பக்கத்தில் இருந்த, லிதியம் எடுக்கும் ஒரு கமக்காரருக்குக் கிளினிக் கொப்பியைப் பிடிக்க முடியாத அளவுக்குக் கை நடுங்கியது. சித்திரை வெயிலில் வேலை, போதிய தண்ணீர் இல்லை, முதுகுநோவுக்குக் கடையில் வாங்கிய டைக்குளோஃபெனக் வேறு. வியர்த்து உடம்பில் நீர் வற்றினாலும், அந்த வகை நோமாத்திரைகளை எடுத்தாலும், சிறுநீரகம் லிதியத்தை வெளியேற்றுவது குறைந்து குருதியில் அது நச்சளவுக்கு ஏறலாம். பொதுவாக லீற்றருக்கு 0.6 முதல் 1.0 மில்லிமோல் வரை வைத்திருக்கப் பார்ப்பார்கள். கடைசி மாத்திரை எடுத்துப் பன்னிரண்டு மணித்தியாலம் கழித்து எடுக்கும் இரத்தத்தில்தான் அந்த அளவுக்குப் பொருள் உண்டு. காலை மாத்திரையைப் போட்டுவிட்டு இரத்தம் கொடுக்கப் போகக்கூடாது என்பதைத் தாதி ஒவ்வொருவருக்கும் திரும்பத் திரும்பச் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். காரணம் அறியப்படாத நாட்பட்ட சிறுநீரக நோய் வவுனியாப் பக்கத்தில் இருப்பதால், எங்கள் ஆட்கள் கிரியற்றினின் பரிசோதனையைத் தட்டிக்கழிக்கவே கூடாது.

மகள் இந்த முறை உயர்தரம் எடுக்கிறாள், அவளும் உயிரியல்தான். பரம்பரையலகு பற்றிய அத்தியாயம் வந்தபோது நேராகவே கேட்டாள், “அப்பா, எனக்கும் வருமோ?” பைபோலாரில் பரம்பரையின் பங்கு பெரிது, இரட்டையர் ஆய்வுகள் அதை 60 முதல் 85 வீதம் வரை மதிப்பிடுகின்றன. என் அம்மாவின் தமையன், நாங்கள் பெரிய மாமா என்று கூப்பிடுபவர், ஒரே வாரத்தில் வளவில் மூன்று இடத்தில் கிணறு தோண்டத் தொடங்கியவர். ஊரில் அதற்கு வேறு பெயர் வைத்திருந்தார்கள். ஆனாலும், பெற்றோரில் ஒருவருக்கு முழுமையான பைபோலார் இருக்கும் பிள்ளைகளிலும் மிகப் பெரும்பான்மையோருக்கு அது வருவதில்லை. வாய்ப்பு ஏறத்தாழ 5 முதல் 10 வீதம். 2021இல், நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளரின் மரபணுத் தரவுகளிலிருந்து, பைபோலாரோடு தொடர்புடைய 64 மரபணு இடங்களை அடையாளம் கண்டார்கள். ஒவ்வொன்றின் பங்கும் மிகச் சிறிது. அதனால் மரபணுப் பரிசோதனை எதுவும் அவளுக்கு விடை சொல்லாது என்று சொன்னேன். பரீட்சைக்காக விடிய விடிய முழித்துப் படிக்கும் போட்டியில் மட்டும் சேரவேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். அதிகாலையில் எழும்பிப் படிப்பதாகச் சம்மதித்தாள்; பதினொரு மணிக்குப் பிறகு மேசை விளக்கு எரிந்தால் தாய் அணைத்துவிடுவார் என்பது அவளுக்குத் தெரியும்.

முதன்முதலாகப் போகிறவர்களுக்குச் சொல்வது: கிளினிக்கில் வைத்தியரோடு கதைக்கக் கிடைக்கும் நேரம் சில நிமிடங்கள்தான், ஆகவே இரண்டு வார நித்திரைக் குறிப்பை எழுதிக்கொண்டு போங்கள், வேறு எந்த மருந்து எடுத்தாலும் அதன் அட்டையைக் கொண்டுபோங்கள், குடும்பத்தில் யாருக்காவது இப்படி இருந்ததா, தற்கொலை நடந்ததா என்பதை வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டறிந்து போங்கள், உங்களோடு ஒரே வீட்டில் இருப்பவர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். எழுச்சி நாட்களில் லீசிங், நுண்கடன் எதிலும் கையெழுத்து வைப்பதில்லை, கேட்டால் ஒரு கிழமை கழித்து வரச் சொல்வது என்று வீட்டில் முற்கூட்டியே பேசி வையுங்கள். எங்கள் பக்கத்தில் கடன்காரர் படலைக்கு வந்து நிற்பது எப்படியென்று எல்லோருக்கும் தெரியும். பெண்கள், பிள்ளை பெறும் வயதில் இருந்தால், அதை மறக்காமல் சொல்ல வேண்டும். வல்புரோவேற் போன்ற சில மருந்துகள் கருவைக் கடுமையாகப் பாதிக்கும். நன்றாக இருக்கிறது என்று மாத்திரையைத் தானாக நிறுத்துவது வேண்டாம். நித்திரையே இல்லாமல் இரண்டு மூன்று இரவுகள் போய், யாருக்கும் கேட்காத குரல் கேட்டாலோ, செத்துவிடலாம் என்ற எண்ணம் வந்தாலோ, அது இந்தக் கட்டுரையின் எல்லைக்கு வெளியே; கிளினிக் நாள்வரை காத்திராமல் அன்றைக்கே வைத்தியசாலையின் அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போக வேண்டும். உடனே போக வாகனம் கிடைக்காத உள்ளூர்களில் இருப்பவர்கள் தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்துக்கு அழைக்கலாம்.